வெள்ளிக் கம்பி தேய்ந்த மாதங்கள்

முதல் ஜோடிக் கம்பி எனக்கு ஏழு மாதம் வந்தது. இரண்டாவது ஜோடி முழுதாக மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை. ஒரு நாள் காலை கிளிப்பைப் பிடித்துத் தூக்கினேன். ஒரு கம்பி, தண்ணீர் மட்டம் நிற்கும் இடத்தில் ஒடிந்து தம்ளருக்குள் விழுந்தது. ஊசி விழுந்த அளவுக்குத்தான் சத்தம். ஆனால் அன்று முழுக்க நான் ஒரு இடத்தில் உட்காரவில்லை.

எதற்கு வெள்ளிக் கம்பி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். திருவண்ணாமலையில் போளூர் ரோட்டில் இன்வெர்ட்டரும் பேட்டரியும் விற்று, பழுதும் பார்க்கும் கடை என்னுடையது. கொரோனா இரண்டாவது அலையில் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜனோடு கிடந்தேன். என் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. நான் போனேன். அதற்குப் பிறகு எனக்கு நிம்மதி என்று ஒன்று இல்லை. தொண்டை கொஞ்சம் கரகரத்தால் போதும், விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டுவேன். எண்ணைப் பார்ப்பேன், கழற்றுவேன், சந்தேகம் வந்து மறுபடி மாட்டுவேன். கடையில் வாடிக்கையாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே மேஜைக்கு அடியில் விரலை விட்டு மாட்டியிருக்கிறேன்.

அந்த நிலையில்தான் போனில் ஒரு வீடியோ கண்ணில் பட்டது. சுத்தமான தண்ணீரில் இரண்டு வெள்ளிக் கம்பிகளை இறக்கி, பேட்டரியின் பிளஸை ஒன்றுக்கும் மைனஸை இன்னொன்றுக்கும் கொடுத்தால் வெள்ளி கண்ணுக்குத் தெரியாத தூளாகத் தண்ணீரில் இறங்குமாம். அதைத் தினம் இரண்டு ஸ்பூன் குடித்தால் எந்தக் கிருமியும் அண்டாதாம். மருந்து விஷயத்தில் நான் ஒன்றும் தெரியாதவன். ஆனால் பேட்டரி, டிஸ்டில்டு வாட்டர், முதலை கிளிப், மீட்டர் எல்லாம் என் கடையிலேயே இருந்தன. ஒரு பயந்த மனிதனுக்குக் கைவேலையும் சேர்ந்து கிடைத்துவிட்டால் அப்புறம் அவனை நிறுத்துவது கஷ்டம்.

தேரடித் தெருவில் ஒரு வெள்ளிக் கடையில் சுத்த வெள்ளியில், காதுத் தோட்டின் திருகாணி தடிமனுக்கு, ஒரு சாண் நீளத்தில் இரண்டு கம்பிகள் இழுத்துத் தரச் சொன்னேன். கடைக்காரர் என் வயதுக்காரர். எதற்கு என்று கேட்டார். ஒரு டெஸ்ட்டுக்கு என்று சொல்லி வைத்தேன்.

தினம் காலை அரை மணி நேரம். மீட்டரில் கரண்ட் முதலில் ஒன்றுமே காட்டாது. வெள்ளி இறங்க இறங்க மெல்ல ஏறும். மூன்று மில்லி ஆம்பியரைத் தொட்டதும் நிறுத்திவிடுவேன். பிளஸில் இருக்கும் கம்பிதான் கரையும். மைனஸில் இருப்பதன் மேல் கறுப்பாகப் பஞ்சு மாதிரி ஒன்று படியும். ஒரே கம்பி தேயக் கூடாது என்று பாதி நேரத்தில் கிளிப்பை மாற்றிப் போடுவேன். முடிந்ததும் இரண்டையும் மெல்லிய துணியால் துடைத்து, ஒரு நோட்டில் எத்தனை நிமிடம், எவ்வளவு கரண்ட் என்று எழுதி வைப்பேன். ஒரு மில்லி ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் நாலு மில்லிகிராம் வெள்ளி இறங்கும். டிப்ளமோவில் முலாம் பூசும் பாடத்தில் படித்தது. அப்படிப் பார்த்தால் எனக்கு ஒரு நாளைக்கு மூன்று, நாலு மில்லிகிராம்தான் தேய வேண்டும். முதல் ஜோடி அப்படித்தான் தேய்ந்தது.

என் மனைவி இதையெல்லாம் தாண்டித்தான் அடுப்புக்குப் போவாள். சமையலறை மேடையில் பாதி என் சாமானாக இருந்தது. அவள் ஊர் கீழ்பென்னாத்தூர். விவசாயக் குடும்பம். இங்கே வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறாள். ஒன்பது வருஷமாகச் சர்க்கரை. மாத்திரையை நான் கேட்டால் போட்டுக்கொள்வாள், கேட்காவிட்டால் மறப்பாள். கொரோனாவுக்கு அப்புறம் நான் கேட்பதை மறந்துவிட்டேன். அவளிடம் வெள்ளித் தண்ணீரைப் பற்றிப் பேச மட்டும் மறந்ததில்லை. புண்ணுக்கும் நல்லது, கண்ணுக்கும் நல்லது, அந்தக் காலத்தில் ராஜாக்கள் வெள்ளிப் பாத்திரத்தில் குடித்தது இதற்குத்தான் என்று வீடியோவில் கேட்டதையெல்லாம் தோசைக்கல் முன்னால் நின்றுகொண்டிருப்பவளிடம் ஒப்பிப்பேன்.

"சரி, சரி. நகருங்க, எண்ணெ தெறிக்கும்" என்பாள்.

இரண்டாவது ஜோடியை ஆனி மாதக் கடைசியில் வாங்கினேன். புரட்டாசியில் ஒடிந்தது. ஒடிந்த துண்டை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். தண்ணீர் மட்டத்தில் எறும்பின் இடுப்பு மாதிரி இளைத்திருந்தது. அடியில் முழுக்கச் சொரசொரப்பு, குழி குழியாக. என் கம்பி இப்படித் தேயாது. அப்படியானால் வெள்ளியில் கலப்படம் என்று முடிவு கட்டினேன். கலப்படம் என்றால் செம்பா, வேறு ஏதாவதா? அதைத்தானே இத்தனை நாள் குடித்தேன்? ஆக்ஸிமீட்டர் வெளியே வந்துவிட்டது.

கடையைத் திறக்காமலே வெள்ளிக் கடைக்குப் போனேன். அங்கே இரண்டு பெண்கள் குழந்தைக்கு அரைஞாண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே துண்டுகளைக் கண்ணாடி மேல் போட்டேன்.

"இன்னா வெள்ளி குடுத்தீங்க? மூணு மாசம் வரல!"

அவர் அந்தப் பெண்களைப் பார்த்தார். அப்புறம் துண்டை எடுத்து விரலில் உருட்டினார்.

"சார், கொஞ்சம் மெதுவா பேசுங்க. கலப்படம்னு தெரிஞ்சா நானே பொறுப்பு" என்று உள்ளே கூட்டிக்கொண்டு போய், டெஸ்டிங் மெஷினில் துண்டை வைத்து மூடினார். ஒரு நிமிடம் ஆனது. அதற்குள் கம்பியில் தினம் கரண்ட் ஓட்டுவதைச் சொல்லிவிட்டேன். திரையை என் பக்கம் திருப்பினார். தொண்ணூற்று ஒன்பதுக்கு மேல் வெள்ளி.

"வெள்ளி தானா தேயாது சார். நீங்க ஓட்டுனீங்க, போச்சு. ஜாஸ்தி ஓட்டியிருப்பீங்க."

"தினம் அரை மணி நேரம்தான். எழுதி வச்சிருக்கேன்."

"அப்ப வேற யாராவது ஓட்டியிருப்பாங்க" என்று சிரித்தார். அவர் சும்மாதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. மூன்றாவது ஜோடி வாங்கி, மில்லிகிராம் வரைக்கும் எடை போட்டு எழுதிக்கொண்டு வந்தேன்.

அந்தப் பத்து நாளை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. முதலில் என் மீட்டரைச் சந்தேகப்பட்டேன். கடையில் இருந்த வேறு இரண்டு மீட்டரோடு வைத்துச் சரிபார்த்தேன். சரியாக இருந்தது. தண்ணீரைச் சந்தேகப்பட்டு வேறு கேன் திறந்தேன். கம்பியை ஸ்குரூ கேஜில் வைத்துக் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை அளந்தேன். கீழ்நாத்தூர் பக்கம் ஒரு வீட்டில் இன்வெர்ட்டர் மாட்டப் போனவன், ஒயரைத் தலைகீழாகக் கொடுத்து ஃபியூஸைக் கருக்கிவிட்டு வந்தேன். முப்பது வருஷத் தொழிலில் அப்படிச் செய்ததில்லை. கை ஒரு பக்கம் வேலை செய்யும், மனசு தம்ளரைச் சுற்றிக்கொண்டிருக்கும்.

பத்தாம் நாள் போய் எடை போட்டேன். நோட்டின்படி நாற்பது மில்லிகிராம் குறைந்திருக்க வேண்டும். நூற்று எண்பது குறைந்திருந்தது.

வெள்ளிக் கடைக்காரர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. "வீட்ல யாராவது கம்பிய கல்லுல தேய்ச்சுக் கழுவுறாங்களா பாருங்க" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டேன். அவள் மெஷினில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"என் கம்பியை நீ தேய்ச்சுக் கழுவுறியா?"

"உங்க சாமான நான் எதுக்குத் தொடப் போறேன்?" என்றாள். நூலை எச்சில் தொட்டுக் கூராக்கினாள். என்னைப் பார்க்கவில்லை.

நானும் அவளைப் பார்க்கவில்லை, சரியாகச் சொன்னால். பார்த்திருந்தால் வேறு சிலதும் தெரிந்திருக்கும். மாடிக் கொடியில் ஜாக்கெட் லைனிங் துணிக் கீற்றுகள் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றில் கறுப்பும் காப்பி நிறமுமாகத் திட்டுத் திட்டான கறை. வெள்ளித் தண்ணீர் பட்ட துணி வெயிலில் அப்படித்தான் கறுக்கும். என் துடைக்கும் துணியே அப்படித்தான் இருந்தது. நாலைந்து தடவை அந்தக் கொடிக்குக் கீழே குனிந்து போய் டேங்கைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். சிவப்பு கிளிப்பை எப்போதும் நான் இடது கம்பியில்தான் விட்டுவிட்டுப் போவேன். இரண்டு நாள் மாலை அது வலது கம்பியில் இருந்தது. என் ஞாபக மறதி, கொரோனா மூளையையும் விட்டுவைக்கவில்லை என்று எனக்காகவே பயந்தேன்.

அடுத்த நாள் கீழ்பென்னாத்தூரில் ஒரு ரைஸ் மில்லில் பேட்டரி பார்க்கக் கிளம்பினேன். பாதி வழியில், கரண்ட் இல்லை, நாளைக்கு வாங்க என்று போன் வந்தது. கடைக்குப் போக மனசில்லை. வண்டியைத் திருப்பி வீட்டுக்கு வந்தேன். பதினொரு மணி இருக்கும். மெஷின் சத்தம் இல்லை. சமையலறை மேடையில் என் தம்ளர் இல்லை, பேட்டரியும் இல்லை.

பின்னால் துணி துவைக்கும் இடத்தில் அவள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். வலது கால் ஒரு பிளாஸ்டிக் பேசினில். பக்கத்தில் கவிழ்த்த பக்கெட்டின் மேல் என் தம்ளர். கம்பிகளில் குமிழி குமிழியாக ஏறிக்கொண்டிருந்தது. தண்ணீர் மோர் மாதிரி வெளுத்துக் கலங்கியிருந்தது. என் தம்ளரில் அப்படி ஒரு நாளும் கலங்கியதில்லை.

அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். கால் பேசினுக்குள் வழுக்கி மறுபடி உட்கார்ந்தாள்.

"மில்லுக்குப் போகலயா?" என்றாள்.

"காலை எடு."

"ஒண்ணுமில்லங்க. சின்னப் புண்ணு."

"எடும்மா."

எடுத்தாள். நான் தரையில் குந்தி உட்கார்ந்து காலை மடியில் வைத்துக்கொண்டேன். கட்டை விரலுக்கு அடுத்த விரலின் அடியில், பாதத்தோடு சேரும் இடத்தில், ஒரு ரூபாய் நாணய அளவுக்குக் குழி. ஓரமெல்லாம் வெளுத்துத் தடித்த தோல், நடுவில் சாம்பல் நிறம். விரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கி, மெட்டி சதைக்குள் புதைந்திருந்தது. வாடை வந்தது. கொரோனாவில் போன என் மூக்கு பாதிதான் திரும்பியிருந்தது. அந்தப் பாதிக்கே அது தெரிந்தது.

"எத்தனை நாளா?"

"ஆடி பௌர்ணமிக்கு மலை சுத்தி வந்தேன்ல? அடி அண்ணாமலைகிட்ட ஏதோ குத்துச்சு போல. எனக்குத் தெரியவே இல்லங்க. வீட்டுக்கு வந்து பாத்தா தரையெல்லாம் ரத்தம்."

ஆடியிலிருந்து மூன்றாவது மாதம். அவள் என் முன்னால் நடந்திருக்கிறாள், தோசை வார்த்திருக்கிறாள், மெஷினை மிதித்திருக்கிறாள்.

"வலிக்கலயா?"

"வலிச்சா சொல்லியிருப்பேனே. அதான் சரியாயிட்டு வருதுன்னு நெனச்சேன். நீங்கதான புண்ணுக்கு நல்லதுன்னீங்க?"

நான் தம்ளரைப் பார்த்தேன். "இது என்ன தண்ணி?"

"குடிக்கிற கேன் தண்ணிதான். உங்க தண்ணிய எடுத்தா அளவு தெரிஞ்சிடும்ல? ஆனா இதுலதான் சீக்கிரம் இறங்குது. உங்களுது சும்மா தண்ணியாட்டமே இருக்கும். என்னுது பால் மாதிரி வருது. நல்லா இறங்கியிருக்குன்னுதான்…"

கேன் தண்ணீரில் உப்பு உண்டு. உப்பிருந்தால் கரண்ட் பத்து மடங்கு ஓடும், கம்பி அரிக்கும், தண்ணீர் வெளுக்கும். அந்த வெளுப்பு மருந்தின் வீரியம் இல்லை. என் வேலையில் முதல் வருஷம் கற்றுக்கொள்வது இது. அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நான் அவளிடம் ராஜாக்களைப் பற்றித்தான் சொல்லியிருந்தேன்.

"ஏம்மா என்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன். குரல் பெரிதாக வந்துவிட்டது.

அவளுக்கும் கோபம் வந்தது. "எப்ப சொல்றது? காலைல தொண்டை, மத்தியானம் மூச்சு, சாயந்தரம் அந்த மிஷின விரல்ல மாட்டிக்கிட்டு உக்காந்துடுறீங்க. நானும் ஒரு வியாதிய கொண்டாந்து வெக்கறதா? ஆஸ்பத்திரின்னு சொன்னாலே உங்களுக்கு மொகம் வெளுத்துடுது. நான் அங்க போய்ப் படுக்கணும்னு சொன்னா நீங்க தாங்குவீங்களா?"

பேட்டரியில் இருந்து கிளிப்பைப் பிடுங்கினேன். தம்ளர் கவிழ்ந்து வெள்ளைத் தண்ணீர் சாக்கடைப் பக்கம் ஓடியது. ஆட்டோவுக்குப் போன் செய்தேன்.

ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கும்போது எனக்கு வியர்த்தது. அந்தப் பினாயில் வாடை வந்ததும் கை தானாகச் சட்டைப் பையில் ஆக்ஸிமீட்டரைத் தேடியது. எடுத்து வரவில்லை. என் மனைவி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, நொண்டாமல் நடந்தாள். வலி இருந்தால்தானே நொண்டுவதற்கு.

டாக்டர் சின்ன வயதுப் பெண். கையுறை மாட்டிக்கொண்டு, நீளமான மெல்லிய எஃகுக் கம்பி ஒன்றை எடுத்தார். "உள்ள எவ்ளோ ஆழம்னு பாக்கணும்மா. வலிச்சா சொல்லுங்க" என்று புண்ணுக்குள் விட்டார். கம்பி போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் எதன் மேலோ தட்டியது. டக் என்று கேட்டது, அல்லது கேட்ட மாதிரி எனக்கு இருந்தது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். என் மனைவி மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ஆரம்பிக்கலயாம்மா?" என்று கேட்டாள்.

டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டார். எலும்பு வரைக்கும் போயிருக்கிறது என்றார். படம் எடுத்துப் பார்க்க வேண்டும், அந்த விரலை எடுக்க வேண்டி வரலாம். "இத்தனை நாள் என்ன போட்டீங்க?" என்று கேட்டார்.

சொன்னேன். கம்பி, பேட்டரி, தம்ளர் எல்லாவற்றையும். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பெருமூச்சுதான் விட்டார்.

"வெள்ளி சேர்ந்த ஆயின்மென்ட் எங்ககிட்டயே இருக்கு சார். அதுக்கு அளவு இருக்கு, சுத்தம் இருக்கு, புண்ணப் பாத்து வெட்டி எடுக்கிற ஆள் இருக்கு. உணர்ச்சி போன கால தினம் தண்ணில ஊற வெச்சா தோல் ஊறிப்போய் புண்ணு உள்ளதான் போகும். நீங்க இத குடிக்கவும் செய்றீங்களா?"

"ரெண்டு ஸ்பூன்."

"நிறுத்திடுங்க. ஒரு பிரயோஜனமும் கிடையாது. உடம்புல சேர்ந்துச்சுன்னா தோல் சாம்பல் கலர்ல மாறிடும். அப்புறம் எந்த மருந்துக்கும் போகாது."

மூன்றாம் நாள் அந்த விரலை எடுத்தார்கள். அதற்கு முன்னால் மெட்டியைக் கழற்ற வேண்டியிருந்தது. சோப்பு போட்டும் வரவில்லை. நர்ஸ் ஒரு சின்னக் கட்டரால் நறுக்கினார். அதுவரை அழாதவள் அப்போதுதான் அழுதாள். நறுக்கிய மெட்டியை என் கையில் கொடுத்தார்கள். சென்னையில் வேலை பார்க்கும் எங்கள் மகள் அதற்குள் வந்துவிட்டாள். என்னைப் பார்த்து, "ரெண்டு பேரும் ஒரே வீட்லதானப்பா இருந்தீங்க?" என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அதன் பிறகு வேலைகளை அவளே பார்த்துக்கொண்டாள்.

பன்னிரண்டு நாள் அந்த வார்டில் இருந்தேன். பதினோரு நாள் நான் படுத்துக் கிடந்ததைவிட அது நீளமாக இருந்தது. உட்கார முடியாது, வராண்டாவில் நடப்பேன், திரும்பி வருவேன், டிரிப் பாட்டிலைப் பார்ப்பேன், மறுபடி நடப்பேன். "உக்காருங்க, எனக்கே தல சுத்துது" என்பாள் அவள். அந்த நாட்களில் என் தொண்டை என்ன ஆனது என்று எனக்கு ஞாபகமே இல்லை. தொண்டை சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கவலை இடம் மாறியது, அவ்வளவுதான்.

அவளை வீட்டுக்குக் கூட்டி வந்த வாரத்தில் தேரடித் தெருவுக்குப் போனேன். வெள்ளிக் கடைக்காரர் என்னைப் பார்த்ததும் தராசை முன்னால் இழுத்தார், எடை போட வந்திருக்கிறேன் என்று. நான் நறுக்கிய மெட்டியை வைத்தேன். நடந்ததைச் சொல்லி, அன்றைக்குக் கத்தியதற்கு மன்னிக்கச் சொன்னேன்.

அவர் மெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் சும்மா சொன்னது சார், வேற யாராவது ஓட்டியிருப்பாங்கன்னு" என்றார். அவருக்கு அது சங்கடமாக இருந்தது என்று தெரிந்தது. "ஒட்டித் தரேன். பக்கத்து விரலுக்குக் கொஞ்சம் சின்னதாக்கிடலாமா?"

வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்றேன். அப்புறம் கேட்டபோது டாக்டர் அந்தக் காலில் எந்த விரலிலும் எதுவும் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவளுக்கு விரல் போனதைவிட அது பெரிய குறையாக இருந்தது. யாராவது வந்தால் புடவைக் கொசுவத்தை இழுத்து வலது காலை மூடிக்கொண்டாள். கொஞ்ச நாளில் அதையும் விட்டுவிட்டாள்.

வெள்ளித் தண்ணீரை உடனே நிறுத்தினேனா என்றால் இல்லை. பாட்டிலில் மிச்சம் இருந்ததை அவளுக்குத் தெரியாமல் மூன்று நாள் குடித்தேன். அப்படிக் குடிக்கும்போது ஒரு மத்தியானம், அவளும் இப்படித்தானே ஒளித்து ஒளித்துச் செய்தாள் என்று தோன்றியது. மிச்சத்தை சிங்கில் கொட்டினேன். வெயிலில் நின்று நகத்தைப் பார்க்கும் பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை. சாம்பல் நிறம் ஏறியிருக்கிறதா என்று. சில நாள் ஏறியிருக்கிற மாதிரி இருக்கும், சில நாள் இல்லை.

இப்போது தினம் சாயந்தரம் அவள் கட்டிலில் காலை நீட்டி உட்காருவாள். நான் டார்ச் அடித்து இரண்டு பாதத்தையும் பார்க்க வேண்டும், விரல் இடுக்கு உட்பட. டாக்டர் சொன்னது. மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்பை வீட்டுக்குள்ளேயும் போட வேண்டும். அதைக் கழற்றிவிட்டு அடுப்பு முன்னால் நிற்பாள், நான் எடுத்து வந்து காலடியில் போடுவேன்.

நேற்று குதிகாலில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது. ஈரத் துணியால் துடைத்தேன். போய்விட்டது. பட்டன் தைக்கும் நூலில் ஒரு துணுக்கு. திருப்தி இல்லாமல் மறுபடியும் டார்ச் அடித்தேன்.

"இன்னும் எத்தினி வாட்டி பாப்பீங்க?" என்று காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். "அரிசி ஊற வெக்கணும், வுடுங்க."

"இடது காலைக் காட்டு."

"அது நல்லாதான் இருக்குது."

"உனக்குத் தெரியாதும்மா. காட்டு."

முணுமுணுத்துக்கொண்டே காட்டினாள்.